ஒரே வீடு, இரண்டு என்-400: வக்கீல் யாருக்குத் தேவைப்பட்டார், யாருக்கு இல்லை

அமெரிக்கக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கப் போகிற குடும்பங்களில் முதலில் எழும் கேள்வி, வக்கீல் வைப்பதா, நாமே போட்டுவிடுவதா என்பதுதான். இதற்கு வீட்டுக்கு மொத்தமாக ஒரு பதிலைத் தேடுகிறார்கள். தவறு அங்கேதான் தொடங்குகிறது. குடியுரிமை விண்ணப்பமான என்-400 படிவம் ஆளுக்கு ஒன்று. ஒவ்வொருவரின் பயணமும் பழைய ரெக்கார்டும் வேறு. ஒரே நாளில் கிரீன் கார்டு வாங்கிய கணவன் மனைவிக்கே பதில் வேறாகலாம்.

கீழே வருவது அப்படி ஒரு குடும்பத்தின் ஆய்வு. அடிக்கடி எதிர்ப்படும் சிக்கல்களை ஒரே இடத்தில் வைத்துப் பார்ப்பதற்காக அமைத்த மாதிரிக் குடும்பம் இது. குறிப்பிட்ட எவரையும் சுட்டுவதல்ல. சட்டமும் கட்டணமும் நாள் கணக்கும் உள்ளபடியே தரப்பட்டுள்ளன.

கோப்பில் இருந்தவை

நியூஜெர்சியில் வசிக்கும் தமிழ்க் குடும்பம். கணவர் 2009-ல் எச்-1பி விசாவில் வந்தவர். மனைவியும் மகளும் அவரைச் சார்ந்து எச்-4 விசாவில். கணவரின் வேலைவழி விண்ணப்பத்தில் மூவருக்கும் 2020 நவம்பர் 9 தேதியிட்ட கிரீன் கார்டு. மகளுக்கு 2026 மார்ச் 20 அன்று 18 வயது நிறைகிறது.

மனைவியின் பக்கம்: ஐந்து ஆண்டுகளில் மூன்று இந்தியப் பயணம், நீண்டது 41 நாள். 2021-ல் ஒரு ஸ்பீடிங் டிக்கெட். நடுவில் ஏழு மாதம் வேலை இல்லாத காலம்.

கணவரின் பக்கம்: தந்தையின் உடல்நிலை காரணமாக 2022 அக்டோபர் 3 அன்று மதுரைக்குக் கிளம்பி, 2023 ஏப்ரல் 22 அன்று திரும்பியிருக்கிறார். அதோடு 2013-ல் டெக்சாஸில் இருந்தபோது ஒரு கடையில் 85 டாலர் பொருளுக்குப் பணம் செலுத்தாமல் வெளியே வந்ததாகக் கைது. "கேஸ் அப்பவே டிஸ்மிஸ் ஆயிடுச்சு" என்பது அவர் நினைவில் இருக்கும் முடிவு.

பார்த்தவுடன் தோன்றுவது: மனைவி தானே போடலாம், கணவர் வக்கீலிடம் போகட்டும். முடிவு ஏறக்குறைய அப்படித்தான் வந்தது. ஆனால் அதற்கு முன் ஒரு படி இருந்தது. பலர் அதைத்தான் தவற விடுகிறார்கள்.

முதலில் பழைய கோப்பு

குடியுரிமை கேட்பவர் "சட்டப்படி" நிரந்தர வசிப்புரிமை பெற்றவராக இருக்க வேண்டும் என்கிறது குடியேற்ற, குடியுரிமைச் சட்டத்தின் 318ஆம் பிரிவு. கையில் கார்டு இருப்பது மட்டும் போதாது. அது கொடுக்கப்பட்ட அன்று அதற்குத் தகுதி இருந்ததா என்பதை அதிகாரி என்-400 நேரத்தில் மறுபடி புரட்டிப் பார்க்கலாம். வேலைவழி கார்டு வாங்கியவர்களுக்கு இது இரண்டு இடங்களில் உறைக்கும். ஸ்பான்சர் செய்த நிறுவனத்தில் கார்டு வந்தபின் வேலையே பார்க்காமல் விலகியது ஒன்று. கிரீன் கார்டுக்காகப் போட்ட ஐ-485 படிவத்தில் கைது பற்றிய கேள்விக்கு என்ன பதில் போனது என்பது மற்றொன்று.

இந்த வீட்டில் மனைவியின் கார்டு கணவரின் கார்டைத் தொற்றி வந்தது. கணவர் 2013 கைதை ஐ-485-ல் மறைத்திருந்தால், அவருடைய கார்டின் அடிப்படை ஆட்டம் காணும். அதோடு மனைவி, மகளின் கார்டுகளும் கேள்விக்குள்ளாகும். ஆக "மனைவியின் கோப்பு சுத்தம்" என்று சொல்வதற்கு முன் கணவரின் பழைய கோப்பைத் திறந்து பார்த்தாக வேண்டும்.

அதற்கான வழி அமெரிக்கத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் தன் ஏ-ஃபைலை, அதாவது தன்னைப் பற்றிய குடியேற்றக் கோப்பை, கேட்பது. குடியேற்ற, குடியுரிமை விண்ணப்பங்களைக் கையாளும் யூஎஸ்சிஐஎஸ் துறையின் தளத்தில் கணக்கு தொடங்கி ஆன்லைனிலேயே கேட்கலாம். விண்ணப்பக் கட்டணம் கிடையாது. ஏ-எண் (அந்தக் கோப்பின் எண்), பழைய ரசீது எண்கள், எந்த ஆவணம் வேண்டும் என்பதைக் குறிப்பாக எழுத வேண்டும். "எல்லாம் வேண்டும்" என்பதைவிட "ஐ-485 படிவமும் இணைப்புகளும்" என்று கேட்டால் சீக்கிரம் கிடைக்க வாய்ப்பு அதிகம். கணவர் 2025 மார்ச்சில் கேட்டார், ஜூனில் பிடிஎஃப் வந்தது. கைது பற்றிய கேள்விக்கு "ஆம்" என்று குறிக்கப்பட்டு, நீதிமன்ற உத்தரவின் நகலும் இணைக்கப்பட்டிருந்தது. மூச்சு விடலாம்.

அங்கே "இல்லை" என்று இருந்திருந்தால் கதையே வேறு. வீட்டில் ஒருவரும் என்-400 போடக் கூடாது, வக்கீல் முழுக்கப் படித்துப் பார்க்கும்வரை. கிரீன் கார்டோடு அமைதியாக வாழ்கிறவர் குடியுரிமை கேட்டுத் தானே போய்க் கதவைத் தட்டும்போதுதான் பழைய கோப்பு மேசைக்கு வருகிறது. விண்ணப்பம் நிராகரிக்கப்படுவது ஒரு இழப்பு. நாடு கடத்தும் வழக்குக்கான நோட்டீஸ் கையில் வருவது முற்றிலும் வேறு இழப்பு. வக்கீல் வேண்டுமா என்ற கேள்வியை நாங்கள் இந்தக் கோட்டில்தான் நிறுத்துகிறோம்: என் கோப்பில் இருக்கும் எதுவாவது என் கிரீன் கார்டையே பறிக்கக்கூடியதா? "தெரியவில்லை" என்பதும் "ஆம்" என்றே கொள்ளத் தக்கது.

மனைவி தானே போட்டது

ஐந்தாண்டு 2025 நவம்பர் 9-ல் நிறைகிறது. அதற்கு 90 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், அதாவது ஆகஸ்ட் 11 முதல். மூன்று மாதம் முன்பு என்று காலண்டரைப் பார்த்து ஆகஸ்ட் 9 அன்று அனுப்பினால் இரண்டு நாள் சீக்கிரம். தகுதி வருமுன் போட்டதாகக் கணக்காகி நிராகரிக்கப்படலாம், கட்டிய பணமும் திரும்பாது. 90 நாளை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். யூஎஸ்சிஐஎஸ் தளத்தில் இதற்கென்றே ஒரு கணிப்பான் இருக்கிறது. ஓரிரு நாள் தள்ளிப் போடுவது இன்னும் பத்திரம்.

அவர் ஆன்லைனில் போட்டார்: 710 டாலர். தாளில் அனுப்பினால் 760. கைரேகைக் கட்டணம் இதற்குள்ளேயே அடக்கம். குடும்ப வருமானம் மத்திய அரசின் வறுமைக்கோட்டு அளவில் 400 விழுக்காட்டுக்குள் இருந்தால் 380 டாலர் போதும். ஓய்வுபெற்ற பெற்றோர் பலருக்கு இது பொருந்தும், கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். முன்பெல்லாம் இந்தச் சலுகையைத் தாளில் மட்டுமே கேட்க முடிந்தது என்பதால், எந்த வழியில் போடுவது என்பதைப் படிவத்தின் அன்றைய அறிவுறுத்தலில் பார்த்துக்கொள்ள வேண்டும். தாளில் போடுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: 2025 அக்டோபர் 28-க்குப் பிறகு காசோலை ஏற்பதில்லை, கார்டு என்றால் ஜி-1450, வங்கிக் கணக்கு என்றால் ஜி-1650 படிவம் வைக்க வேண்டும்.

படிவத்தில் நேரம் பிடித்த பகுதிகள் மூன்றுதான்.

பயணம். 24 மணி நேரமோ அதற்கு மேலோ வெளியில் இருந்த ஒவ்வொன்றும் வேண்டும். இந்தியா போனதை யாரும் மறக்க மாட்டார்கள். நயாகராவில் கனடா பக்கம் இரண்டு நாள் தங்கியது, மெக்சிகோ போன கப்பல் பயணம் ஆகியவைதான் விட்டுப்போகும். பாஸ்போர்ட் முத்திரை, விமான டிக்கெட் மின்னஞ்சல், கூகுள் மேப்ஸ் காலவரிசை மூன்றையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு எழுதுவது நல்லது. எல்லைச் சோதனைத் துறையின் ஐ-94 தளத்தில் வரும் பயண வரலாற்றை மட்டும் நம்ப வேண்டாம். கிரீன் கார்டுக்காரர்களுக்கு அதில் இடைவெளிகள் இருக்கும்.

வேலை. ஐந்தாண்டும் இடைவெளி இல்லாமல் நிரப்ப வேண்டும். வேலை இல்லாத ஏழு மாதத்தை அப்படியே "வேலையின்மை" என்று எழுதினார். அதை மறைத்து முன்னும் பின்னும் உள்ள வேலைகளின் தேதியை இழுத்துவிடுகிறவர்கள் உண்டு. வரிக் கணக்கோடு பொருந்தாமல் போகும். இல்லாத பிரச்சினையை நாமே உண்டாக்கிக்கொள்வோம்.

ஸ்பீடிங் டிக்கெட். எப்போதாவது கைதோ, டிக்கெட்டோ, தடுத்துவைப்போ நடந்ததா என்று கேள்வி இருக்கிறது. எழுதிவிட வேண்டியதுதான். மது, போதைப்பொருள் சம்பந்தமில்லாமல், கைது இல்லாமல், 500 டாலருக்குக் குறைவான அபராதத்தோடோ லைசென்ஸில் பாயின்ட் ஏறியதோடோ முடிந்திருந்தால் பொதுவாக ஆவணம் இணைக்கத் தேவையில்லை. அபராதம் கட்டிய ரசீதைக் கையில் வைத்துக்கொண்டால் போதும்.

இன்னொன்றை அவர் விண்ணப்பிக்கும் முன்பே பார்த்தார்: வாக்காளர் பட்டியலில் தன் பெயர் இருக்கிறதா என்று. நியூஜெர்சி உட்படப் பல மாநிலங்களில் ஓட்டுநர் உரிமம் எடுக்கும் இடத்திலேயே வாக்காளர் பதிவும் நடக்கிறது. திரையில் கவனிக்காமல் ஒன்றை அழுத்திவிட்டு, குடிமகன் என்று சொன்னதாகப் பதிவாகிவிட்ட கிரீன் கார்டுக்காரர்கள் இருக்கிறார்கள். பெயர் இருந்தாலோ, அதைவிடக் கடினமாக, ஒருமுறை வாக்களித்தே இருந்தாலோ, என்-400-ஐத் தொடாமல் நேரே வக்கீலிடம் போக வேண்டும். நல்லெண்ணத்தில் செய்தது என்பது தானாகவே காப்பாற்றாது.

பெயர் விஷயத்தில் இவருக்கு ஒரு தேர்வு வந்தது. தமிழ்நாட்டுப் பாஸ்போர்ட்டுகளில் நேரும் பழைய சங்கதிதான்: முழுப்பெயரும் ஒரே கட்டத்தில் ஏறி, அமெரிக்க ஆவணங்களில் முதல் பெயருக்குப் பதில் "எஃப்என்யு" (முதல் பெயர் தெரியவில்லை) என்று விழுந்திருந்தது. என்-400-லேயே பெயரைத் திருத்திக்கொள்ளலாம், தனிக் கட்டணம் இல்லை. ஆனால் பெயர் மாற்றத்துக்கு நீதிபதியின் ஆணை வேண்டும் என்பதால் யூஎஸ்சிஐஎஸ் அலுவலகத்தில் உறுதிமொழி எடுக்க முடியாது. நீதிமன்றத்தில் நடக்கும் விழாவுக்குக் காத்திருக்க வேண்டும். சில இடங்களில் அது அடிக்கடி நடக்கும், சில இடங்களில் மாதக்கணக்கில் தள்ளிப்போகும்.

இவருக்குத் தள்ளிப்போகக் கூடாது. காரணம், மகள். அதே குடியேற்ற, குடியுரிமைச் சட்டத்தின் 320ஆம் பிரிவின்படி, 18 வயதுக்குள் இருக்கும், கிரீன் கார்டு வைத்திருக்கும், பெற்றோரின் சட்டப்படியான பராமரிப்பில் அமெரிக்காவில் வசிக்கும் பிள்ளைக்கு, தாயோ தந்தையோ ஒருவர் குடியுரிமை பெற்ற நொடியில் தானாகவே குடியுரிமை வந்துவிடும். ஒருவர் போதும். ஆனால் உறுதிமொழி 18ஆம் பிறந்தநாளுக்கு முன் நடந்திருக்க வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் மகள் தனியாக என்-400 போட்டு, தேர்வு எழுதி, தானே காத்திருக்க வேண்டும். ஆகவே பெயர் திருத்தத்தைப் பின்னால் மாநில நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்வது என்று முடிவு. மகள் சிறியவளாக இருந்திருந்தால் என்-400-லேயே திருத்தியிருக்கலாம். அதுதான் மலிவான வழி.

இதே காரணத்தால்தான் "இரண்டு பேரும் சேர்ந்தே போடுவோம், அவருடையது தயாராகட்டும்" என்ற யோசனையும் கைவிடப்பட்டது. கணவருடைய கோப்பு நீண்டாலும் தாயின் உறுதிமொழியே மகளைக் கரை சேர்த்துவிடும்.

டிசம்பர் 9-ல் நேர்காணல். ஆகஸ்டில் போட்டதால் பழைய 2008 குடிமையியல் தேர்வு: 100 கேள்விப் பட்டியலிலிருந்து 10 வரை கேட்பார்கள், 6 சரி என்றால் தேர்ச்சி. வாசிக்க மூன்று வாக்கியத்தில் ஒன்று, எழுத மூன்றில் ஒன்று. இதில் நம்மவர்கள் தடுமாறுவது அரிது. தடுமாற்றம் வருவது படிவத்தின் ஆம்/இல்லை கேள்விகளில். எல்லாவற்றுக்கும் "நோ" என்று சொல்லிக்கொண்டே போகும்போது அதிகாரி நிறுத்தி, இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்பார். படிவத்தில் வரும் துன்புறுத்தல், சர்வாதிகாரக் கட்சி, குடிப்பழக்கம், விசுவாச உறுதி தொடர்பான ஆங்கிலச் சொற்களை எளிய ஆங்கிலத்தில் விளக்கிச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். ஆங்கிலம் புரிகிறதா என்ற சோதனை உண்மையில் அங்கேதான் நடக்கிறது.

2026 ஜனவரி 14-ல் உறுதிமொழி. வக்கீல் செலவு இல்லை. வைத்திருந்தாலும் இந்தக் கோப்பில் அவர் செய்ய எதுவும் இருந்திருக்காது.

கணவரின் 200 நாள்

அக்டோபர் 3 முதல் ஏப்ரல் 22 வரை. கிளம்பிய நாளும் திரும்பிய நாளும் அமெரிக்காவில் இருந்த நாளாகவே எண்ணப்படும். நடுவில் 200 நாள். மொத்தம் தங்க வேண்டிய அளவுக்கு இது குறுக்கே வரவில்லை. ஐந்தாண்டில் 913 நாள் உள்ளே இருந்தால் போதும், அவரிடம் அதைவிட எவ்வளவோ அதிகம். சிக்கல் இன்னொரு கணக்கில்: தொடர்ச்சியான வசிப்பு. ஒரே பயணம் ஆறு மாதத்தைத் தாண்டி ஒரு வருடத்துக்குள் இருந்தால், தொடர்ச்சி அறுந்துவிட்டதாகச் சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். அறுபடவில்லை என்று காட்டும் பொறுப்பு விண்ணப்பதாரருடையது. ஒரு வருடம் ஆகிவிட்டாலோ காட்டவே வழியில்லை. குறிப்பிட்ட வெளிநாட்டுப் பணிக்காகத் தொடர்ச்சியைக் காக்கும் என்-470 விண்ணப்பம் அனுமதிக்கப்பட்டவர் போன்ற சிலரைத் தவிர மற்றவர்களுக்குக் கணக்கு மறுபடி தொடங்கும்.

இந்த இடத்தில் நிறையப் பேர் ஏமாந்திருக்கிறார்கள்: "ரீஎன்ட்ரி பர்மிட் எடுத்துக்கிட்டுத்தானே போனோம்." நீண்ட காலம் வெளியே இருக்கப் போகிறவர் முன்பே வாங்கும் அந்த அனுமதி கிரீன் கார்டைக் காப்பாற்ற உதவும். குடியுரிமைக்கான தொடர்ச்சியைக் காப்பாற்றாது. இரண்டும் வேறு.

தொடர்ச்சி அறுபடவில்லை என்று காட்ட விதி நான்கு விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது: இங்கே வேலையை விட்டாரா, நெருங்கிய குடும்பம் இங்கேயே இருந்ததா, வீடு அவருக்குத் திறந்தே இருந்ததா, அங்கே வேலை தேடிக்கொண்டாரா. அவர் முதல் 12 வாரம் விடுப்பு, பிறகு மதுரையிலிருந்தே அதே நிறுவனத்துக்கு வேலை. ஆகவே சேர்த்தவை: நிறுவனத்தின் கடிதம், விடுப்புத் தேதிகளோடும் "அமெரிக்கச் சம்பளப் பட்டியலிலேயே தொடர்ந்தார்" என்ற வரியோடும், அந்த மாதங்களின் சம்பளச் சீட்டு, மகளின் பள்ளி வருகைப் பதிவு, வீட்டுக் கடன் அறிக்கை, 2022, 2023 வரிக் கணக்குக்கு வரித்துறை (ஐஆர்எஸ்) தரும் டிரான்ஸ்கிரிப்ட், தந்தையின் மருத்துவமனைச் சுருக்கம். கடைசியாகச் சொன்னது அனுதாபத்துக்காக வைப்பதல்ல. பயணம் தற்காலிகம், ஒரு காரணம் முடிந்ததும் திரும்பினார் என்பதற்கான சான்று அது.

டிரான்ஸ்கிரிப்டில் ஒன்றைக் குறிப்பாகப் பார்த்தார்கள்: இங்கே வசிப்பவருக்கான 1040 படிவம் போட்டிருக்கிறாரா, வெளிநாட்டவருக்கான 1040-என்ஆர் போட்டிருக்கிறாரா. வெளியே இருந்த வருடத்தில் வரி மிச்சமாகும் என்று யாராவது சொல்ல, என்ஆர் போட்டுவிட்டால், நான் இங்கே வசிப்பவன் அல்ல என்று தானே எழுதிக் கொடுத்ததாக ஆகும். நிரந்தர வசிப்புரிமையையே கைவிட்டதாக வாதிட அது இடம் கொடுக்கும்.

இந்தப் பயணம் மட்டும்தான் சிக்கல் என்றால் வக்கீல் கட்டாயமில்லை. ஆவணங்களைக் கோர்த்து ஒரு பக்கக் கடிதத்தோடு தானே போட்டு வென்றவர்கள் ஏராளம். காத்திருக்கும் வழியும் இருந்தது. திரும்பி வந்து நான்கு ஆண்டு ஆறு மாதம், அதாவது 2027 அக்டோபர் 22 கடந்தபின் போட்டால், ஐந்தாண்டு வளையத்துக்குள் இந்தப் பயணம் ஆறு மாதத்துக்கு மேல் விழாது. எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. அவசரம் இல்லாதவர்களுக்கு இது மிக நல்ல வழி, செலவும் இல்லை. ஆவணம் பலவீனமாக இருந்தால் நாங்கள் இதையே சொல்வோம்.

85 டாலர் வழக்கு

வக்கீலுக்கு வேலை இருந்தது இங்கேதான். டெக்சாஸில் நடந்தது "டெஃபர்ட் அட்ஜுடிகேஷன்": குற்றத்தை ஒப்புக்கொள்கிறார் அல்லது எதிர்த்து வாதாடாமல் விடுகிறார், நீதிபதி குற்றவாளி என்று தீர்க்காமல் ஒத்திவைக்கிறார், ஆறு மாத மேற்பார்வை, அபராதம், ஒழுங்காக முடித்ததும் வழக்கு தள்ளுபடி. மாநிலச் சட்டப்படி அவர் தண்டிக்கப்பட்டவர் அல்ல. அன்றைய குற்றவியல் வக்கீல் சொன்னது சரிதான். ஆனால் குடியேற்றச் சட்டத்தில் தண்டனைக்கு வேறு இலக்கணம்: ஒப்புதலோ வாதாடாமையோ இருந்து, நீதிபதி ஏதாவது ஒரு கட்டுப்பாடு விதித்திருந்தால், அது தண்டனை. பின்னால் தள்ளுபடி ஆனதோ, ரெக்கார்டை மூடி முத்திரை வைத்ததோ அதை மாற்றாது.

சரி, தண்டனை என்றே வைத்துக்கொண்டால் என்ன ஆகும்? திருட்டு பொதுவாக ஒழுக்கக்கேடான குற்றம் என்ற வகையில் வரும். நாட்டுக்குள் வந்து ஐந்தாண்டுக்குள் செய்த அப்படிப்பட்ட ஒரே குற்றத்துக்கு ஒரு வருடமோ அதற்கு மேலோ தண்டனை விதிக்க வாய்ப்பு இருந்தால், நாடு கடத்தலாம். அவர் வந்தது 2009, சம்பவம் 2013; ஐந்தாண்டுக்குள்தான். ஆக எல்லாம் எந்தப் படிநிலைக் குற்றம் என்பதில் நிற்கிறது. 2013-ல் டெக்சாஸில் 50 டாலரிலிருந்து 500 டாலருக்குள்ளான திருட்டு பி வகுப்பு. உச்ச தண்டனை 180 நாள். ஒரு வருடத்தைத் தொடவில்லை. அதனால் நாடு கடத்தும் பிரிவில் விழவில்லை. கிரீன் கார்டு நேரத்தில் சிறு குற்ற விலக்கும் (ஒரே ஒரு சிறு குற்றத்தைத் தடையாகக் கொள்ளாத விதி) பொருந்தியிருக்கிறது. அதே பொருளின் விலை 500 டாலரைத் தாண்டியிருந்தால் ஏ வகுப்பு, உச்சம் ஒரு வருடம், முடிவு தலைகீழ். அப்போது வக்கீல் சொல்லக்கூடியது "போடாதீர்கள்" என்பதாகத்தான் இருக்கும். அந்த ஒரு சொல்லுக்காக ஆலோசனைக் கட்டணம் கொடுப்பது வீண் அல்ல.

சம்பவம் ஐந்தாண்டுக்கு முந்தையது. நன்னடத்தை முதன்மையாகப் பார்க்கப்படுவது விண்ணப்பத்துக்கு முந்தைய ஐந்தாண்டில்தான் என்றாலும், அதற்கு முன் நடந்ததையும் அதிகாரி கணக்கில் எடுக்கலாம். 2025 ஆகஸ்ட் 15 தேதியிட்ட யூஎஸ்சிஐஎஸ் வழிகாட்டல், தவறு இல்லாமல் இருப்பது மட்டும் போதாது, ஆக்கபூர்வமான பண்புகளையும் எடைபோட வேண்டும் என்று அதிகாரிகளுக்குச் சொல்கிறது: குடும்பப் பராமரிப்பு, நிலையான வேலை, வரி, சமூகப் பங்களிப்பு. அதனால் தந்தையைப் பராமரித்த ஆவணம் இங்கே இரண்டாவது முறையும் பயன்பட்டது.

அவர் தனியாகப் போட்டு, "டிஸ்மிஸ் ஆன கேஸ்தானே" என்று கைது கேள்விக்கு "இல்லை" குறித்து, நேர்காணலிலும் சத்தியத்தின்மேல் அதையே சொல்லியிருந்தால்? கைரேகை எஃப்பிஐ-க்குப் போகிறது. 2013 கைது அதில் இருக்கும். பழைய குற்றம் அவரைத் தடுக்காது. பொய்ச் சாட்சியம் தடுக்கும். அது புதிதாக, ஐந்தாண்டுக்குள் நடந்த நன்னடத்தைக் குறையாகிவிடும். மன்னிக்கத்தக்க ஒன்றை மறைத்து, மன்னிக்க முடியாத ஒன்றாக்கிக்கொள்வது இப்படித்தான்.

வக்கீலிடம் என்ன வாங்கினார்

கிரீன் கார்டு எடுத்துக் கொடுத்த கம்பெனி வக்கீலிடம் போகவில்லை. அவர் திறமையில் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த வழக்கில் நிறுவனமும் அவருடைய கட்சிக்காரர். பழைய கோப்பிலேயே பிழை இருக்கிறதா என்று பார்க்க வேண்டியவர், அந்தக் கோப்பைத் தயாரித்தவராக இருக்கக் கூடாது.

முதலில் ஒரே ஒரு ஆலோசனை, ஏ-ஃபைல் பிடிஎஃப்பைக் கையில் வைத்துக்கொண்டு. பிறகுதான் முழு ஒப்பந்தம். ஒப்பந்தத்தில் எழுத்தில் கேட்டு வாங்கியவை: படிவத் தயாரிப்பும் வாதக் கடிதமும் அடக்கமா, ஜி-28 (வக்கீலாக ஆஜராவதற்கான படிவம்) போட்டு நேர்காணலுக்கு நேரில் வருவது அவரா, அலுவலகத்திலிருந்து வேறு யாராவதா, கூடுதல் ஆவணம் கேட்டு நோட்டீஸ் வந்தால் பதில் எழுதுவதற்குத் தனிக் கட்டணமா, நிராகரிப்பானால் மேல்முறையீட்டு விசாரணை இதில் சேருமா. கடைசியது பெரும்பாலும் சேராது.

குடியேற்றச் சட்டம் மத்தியச் சட்டம் என்பதால் எந்த மாநிலத்தில் உரிமம் பெற்ற வக்கீலும் இதை நடத்தலாம்; அந்த மாநில பார் கவுன்சில் தளத்தில் அவர் பெயரும் ஒழுங்கு நடவடிக்கையும் தெரியும். கையில் பணம் குறைவு என்றால் அமெரிக்க நீதித்துறை (டிபார்ட்மென்ட் ஆஃப் ஜஸ்டிஸ்) அங்கீகரித்த தொண்டு அமைப்புகளின் பிரதிநிதிகள் சட்டப்படி வாதிடலாம். அங்கீகாரம் இல்லாத "ஃபார்ம் நிரப்பித் தருகிறோம்" கடைகள், வரி போடுகிறவர், நோட்டரி ஆகியோரிடம் கைது, வாக்கு, நீண்ட பயணம் மூன்றையும் பற்றி வாயே திறக்க வேண்டாம்.

டெக்சாஸ் கவுண்டி கிளார்க்கிடமிருந்து சான்றளித்த தீர்ப்பு நகல் வரத் தாமதமானதால் அவர் விண்ணப்பித்தது நவம்பர் 3. 2025 அக்டோபர் 20 அன்றும் அதற்குப் பிறகும் போட்டவர்களுக்குப் புதிய தேர்வு: பட்டியல் 128 கேள்வி, கேட்பது 20 வரை, 12 சரியாக வேண்டும், 9 தவறானதும் நிறுத்திவிடுவார்கள். தோற்றால் 60 முதல் 90 நாளுக்குள் மறு வாய்ப்பு ஒன்று உண்டு. (வயதான பெற்றோருக்கு: 50 வயதாகி 20 ஆண்டு கிரீன் கார்டு, அல்லது 55 வயதாகி 15 ஆண்டு என்றால் ஆங்கிலத் தேர்வு இல்லை, மொழிபெயர்ப்பாளரை அழைத்துப்போய்த் தமிழிலேயே பதில் சொல்லலாம். 65 வயதும் 20 ஆண்டும் ஆனவர்களுக்குக் குறியிட்ட 20 கேள்வி மட்டும், 10-ல் 6 போதும்.)

நேர்காணலில் வக்கீல் பக்கத்தில் உட்காரலாம். பதில் சொல்ல முடியாது. அதிகாரி கேட்டது, "வழக்கு என்ன ஆனது?" அவர் சொல்லப் பழகியிருந்த பதில் மூன்று வாக்கியம்: கைது செய்தார்கள், டெஃபர்ட் அட்ஜுடிகேஷன் கொடுத்தார்கள், ஆறு மாதம் முடித்தபின் தள்ளுபடி ஆனது. தண்டனை இல்லை என்ற சொல்லை அவர் பயன்படுத்தவே இல்லை. அது சட்ட முடிவு, அவர் சொல்ல வேண்டியது நடந்தது மட்டும். பி வகுப்பு, 180 நாள், சிறு குற்ற விலக்கு என்பதெல்லாம் வக்கீலின் இரண்டு பக்கக் கடிதத்தில் இருந்தன. அன்று கிடைத்த என்-652 என்ற நேர்காணல் முடிவுத் தாளில் தேர்வு தேர்ச்சி, முடிவு இன்னும் இல்லை என்று குறியிட்டிருந்தது. இதைப் பார்த்துப் பதற வேண்டாம். மேலதிகாரி பார்வைக்குப் போகும் கோப்புகளில் இது வழக்கம். நேர்காணலிலிருந்து 120 நாள் ஆகியும் முடிவு வராவிட்டால் மத்திய மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகும் உரிமை உண்டு. அவருக்கு ஆறாம் வாரத்தில் அனுமதி வந்தது.

நிராகரிப்பு வந்திருந்தால் 30 நாளுக்குள் என்-336 போட்டு வேறு அதிகாரியிடம் விசாரணை கேட்கலாம். அதுவும் தோற்றால் நீதிமன்றம் கோப்பை முதலிலிருந்து பார்க்கும். மனைவியைப் போலத் தானே போட்டவர்களும் இந்தக் கட்டத்தில் வக்கீல் இல்லாமல் நகரக் கூடாது.

உறுதிமொழிக்குப் பின்

உறுதிமொழி நாளில் கொண்டுபோகும் என்-445, நேர்காணலுக்குப் பிறகு பயணம், கைது, டிக்கெட், திருமண மாற்றம் உண்டா என்று கேட்கும். அன்று காலை நிரப்புங்கள், முந்தைய வாரம் அல்ல. கிரீன் கார்டைத் திருப்பிக் கொடுத்து, சான்றிதழ் வாங்கியதும் இருக்கையை விட்டு எழும்முன் பெயர் எழுத்து, பிறந்த தேதி, பிறந்த நாடு மூன்றையும் பாருங்கள். அங்கேயே சொன்னால் எளிது.

மகளுக்குத் தனிச் சான்றிதழ் வேண்டுமானால் என்-600, ஆன்லைனில் 1,335 டாலர். அது கட்டாயமல்ல. தாயின் சான்றிதழ், மகளின் கிரீன் கார்டு, பிறப்புச் சான்றிதழ் மூன்றோடும் நேரே பாஸ்போர்ட்டுக்குப் போகலாம். இவர்கள் அப்படித்தான் செய்தார்கள். இடறியது பிறப்புச் சான்றிதழில்: குழந்தையின் பெயர் இல்லாமல் பதிவான பழைய சான்றிதழ் அது. ஊரில் பதிவாளரிடம் பெயர் சேர்த்து வாங்க ஐந்து வாரம் ஆனது. பிள்ளை இருப்பவர்கள் என்-400 போடும் அன்றே இதை எடுத்துப் பாருங்கள்.

உறுதிமொழி எடுத்த நிமிடத்திலிருந்து இந்தியக் குடியுரிமை முடிகிறது; இந்தியப் பாஸ்போர்ட்டில் பயணம் செய்யக் கூடாது, அதை ஒப்படைத்துச் சான்று வாங்கிய பின்தான் ஓசிஐ (வெளிநாட்டு இந்தியர் அட்டை). மனைவி ஜனவரியிலேயே மதுரைக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தார். அமெரிக்கப் பாஸ்போர்ட்டும் இந்திய விசாவும் கைக்கு வரும்வரை அதைத் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. கணவர் அந்த மாதங்களில் இந்தியப் பாஸ்போர்ட், கிரீன் கார்டோடு வழக்கம்போலப் போய்வந்திருக்கலாம். ஆனால் நேர்காணல் நோட்டீஸ் எந்த வாரமும் வரலாம் என்பதால் போகவில்லை.